எளியோர் ஏறிய வண்டி



1930ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் பிரான்ஸ் தேசத்து மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றின் தலைவர், புதிய வண்டியொன்றை அமைக்குமாறு தம் பொறியியலாளருக்குக் கட்டளையிட்டார். அவர் விதித்த நிபந்தனைகள் விசித்திரமானவை. மரச் செருப்பணிந்த கமக்காரர் இருவர் அதில் அமர இடம் வேண்டும். அவர்களோடு 50 கிலோகிராம் உருளைக்கிழங்கையோ ஒரு சிறு பீப்பாவையோ ஏற்றிச் செல்லவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடினாற் போதும். ஆனால் 100 கிலோமீற்றர் தூரத்துக்கு 3 லீற்றர் பெற்றோலுக்கு மேற் செலவாகலாகாது. கூடை நிறைய முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் ஒரு முட்டையேனும் உடையக்கூடாது. வண்டியின் தோற்றம் எவ்வாறிருப்பினும் அவருக்குக் கவலையில்லை.

அத்தலைவர் சித்ரோயென் நிறுவனத்தைச் சேர்ந்த பியேர் பூலாஞ்சே. அவருடைய நிபந்தனைகளைப் படிக்கும்போது வண்டியைக் காட்டிலும் அதில் ஏறப்போகும் மனிதனே நம் கண்முன் தெளிவாகத் தோன்றுகின்றான். அவன் சந்தைக்குப் போகின்றவன். கல்லும் பள்ளமுமான வழியிற் போகின்றவன். ஒவ்வொரு லீற்றர் எண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கின்றவன். சிறிய, எளிய, சிக்கனமான மோட்டார் வண்டிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அம்மனிதனைக் கண்முன் நிறுத்திச் செய்யப்பட்டவை நெடுங்காலம் வாழ்ந்தன என்பதும், விலையை மட்டுமே கண்முன் நிறுத்திச் செய்யப்பட்டவை பெரும்பாலும் வாடிப்போயின என்பதும் என் கருத்து. அவ்வண்டிகளுட் சிலவற்றின் கதையை இன்று கூறப்போகின்றேன்.

கதையின் தொடக்கம் அமெரிக்காவில். 1908இல் ஹென்றி போர்ட் தமது 'மொடல் ரி' வண்டியை வெளியிட்டபோது அதன் விலை ஏறத்தாழ 850 டொலர். 1913இல் வண்டியின் சட்டத்தை நகரும் தொடரில் இழுத்துச் செல்ல, தொழிலாளர் நின்ற இடத்தில் நின்றே ஆளுக்கொரு வேலையைச் செய்யும் முறையை அவர் புகுத்தினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்த சட்ட வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடியலாயிற்று. 1925 அளவில் அதே இனத்து வண்டியின் மிகக் குறைந்த விலை 260 டொலருக்கு இறங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. ஆயினும் இறுதி ஆண்டுகளில் மக்கள் அதை விட்டு விலகத் தொடங்கினர். தவணைப் பணத்துக்குப் பல நிறங்களில் வேறு வண்டிகள் கிடைத்தபோது, மேலும் மேலும் விலையைக் குறைப்பதனால் மட்டும் போர்ட் அவர்களால் வாங்குவோரைப் பிடித்துவைக்க முடியவில்லை. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். பின்னர் இது பயன்படும்.

போர்டின் வண்டி மலிவானதேயன்றிச் சிறியதன்று. உண்மையான சிறிய வண்டி பிறந்தது பிரித்தானியாவில். அதன் பிறப்புக்கு ஒரு வரிச்சட்டமும் காரணமாயிற்று. 1921 தொடக்கம் அங்கே மோட்டார் வண்டிகளுக்குக் குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் ஆண்டு வரி விதிக்கப்பட்டது. அக்குதிரைவலு எஞ்சினின் உண்மையான வலுவன்று. உருளைகளின் எண்ணிக்கையையும் அவற்றின் விட்டத்தையும் கொண்டு கணக்கிட்ட எண். அகன்ற உருளைகளையுடைய போர்ட் வண்டிக்கு இருபது பவுணுக்கு மேல் வரி வந்தது. எனவே பிரித்தானியப் பொறியியலாளர் உருளையை ஒடுக்கி நீளத்தைக் கூட்டலாயினர். வரி அறவிடுவோனின் அளவுகோல் ஒரு நாட்டின் எஞ்சின் வடிவத்தையே இருபத்தைந்து ஆண்டுகளாகத் தீர்மானித்தது என்றால் மிகையன்று.

அவ்வேளையில் ஹேர்பட் ஒஸ்ரின் என்பாரின் நிறுவனம் கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த நிருவாகியின் பொறுப்பிற் கிடந்தது. சிறிய வண்டி செய்யும் எண்ணத்தை அவருடைய பணிப்பாளர்கள் ஏற்கவில்லை. அவரோ தம் தொழிற்சாலையிலிருந்து ஸ்ரான்லி எட்ஜ் என்னும் பதினெட்டு வயது இளைஞரைத் தம் வீட்டுக்கு அழைத்து, பில்லியட்ஸ் ஆடும் அறையில் அமர்த்தி, தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு வரைபடங்களைத் தயாரித்தார். 1922இல் 'ஒஸ்ரின் செவின்' வெளிவந்தது. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின். அளவு முக்கால் லீற்றருக்கும் குறைவு. ஆண்டு வரி எட்டுப் பவுண். பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்து சென்ற குடும்பத்தவனே ஒஸ்ரின் தேடிய வாடிக்கைக்காரன். அவ்வாகனம் நின்ற இடத்திலேயே இதுவும் நிற்கக்கூடியதாக இருந்தது. 1939 வரை மூன்று இலட்சத்தை அணுகிய எண்ணிக்கையில் அது செய்யப்பட்டது. ஜேர்மனியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் மோட்டார் கார்த் தொழிலில் இறங்கியதே இவ்வண்டியை அனுமதி பெற்றுச் செய்த 'டிக்சி' வழியாகத்தான். இன்று அந்நிறுவனத்தின் ஆடம்பர வண்டிகளிற் செல்வோருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

ஜேர்மனியின் கதை இத்துணை இனியதன்று. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 1934இல் பேர்டினன்ட் போர்ஷே என்னும் பொறியியலாளரிடம் ஒரு மக்கள் வண்டியை அமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. பெரியோர் இருவரும் பிள்ளைகள் மூவரும் அதில் அமரவேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். அவ்வளவு தூரத்துக்கு ஏறத்தாழ 7 லீற்றர் பெற்றோல் மட்டுமே செலவாகவேண்டும். விலை ஆயிரம் மார்க்குக்குக் குறைந்திருக்கவேண்டும். இவை யாவும் நியாயமான நிபந்தனைகளே. போர்ஷே அமைத்த வண்டியும் சிறந்த வண்டியே. காற்றினாற் குளிரும் எஞ்சின் பின்புறத்தில் இருந்தமையால் பனிக்காலத்தில் உறைவதற்கு அதில் நீரே இல்லை.

குற்றம் வண்டியில் இல்லை. அதை விற்ற முறையில் இருந்தது. 1938 ஓகஸ்ட் மாதத்தில் அரசுசார் தொழிலாளர் அமைப்பு ஒரு சேமிப்புத் திட்டத்தை அறிவித்தது. வண்டியின் விலை 990 மார்க். வாரந்தோறும் குறைந்தது 5 மார்க் செலுத்தி ஒரு முத்திரையைப் பெற்றுப் புத்தகத்தில் ஒட்டவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 200 வாரங்கள், அதாவது நான்கு ஆண்டுகள் அளவில். செலுத்திய பணத்துக்கு வட்டியில்லை. சாதாரணத் தொழிலாளியின் வாரக் கூலியில் ஐந்து மார்க் சிறிய பங்கன்று. ஆயினும் ஏறத்தாழ 3,36,000 பேர் அத்திட்டத்திற் சேர்ந்தனர். அவர்கள் கட்டிய தொகை 28 கோடி மார்க் அளவினதாயிற்று. அவர்களுள் ஒருவருக்கேனும் அம்முத்திரைகளுக்காக வண்டி கிடைக்கவில்லை. 1939இல் போர் மூண்டது. புதிதாக எழுந்த தொழிற்சாலை இராணுவ வாகனங்களைச் செய்யலாயிற்று; வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட அந்நிய நாட்டாரும் கைதிகளும் அங்கே வேலை வாங்கப்பட்டனர். சேமிப்புப் பணம் போர் முடிவில் பேர்லினிற் சோவியத் படையினர் வசமாயிற்று.

வீட்டுச் செலவைக் குறைத்து, வாரந்தோறும் ஒரு முத்திரையை நக்கி ஒட்டிய குடும்பங்களை எண்ணிப் பார்க்கின்றேன். எளியவனின் ஆசையைப் போல எளிதிற் கடன் வாங்கக்கூடிய பொருள் உலகில் வேறில்லை. அச்சேமிப்பாளர்கள் போருக்குப் பின் வழக்குத் தொடுத்தனர். வழக்கு ஆண்டுக்கணக்காக இழுபட்டு 1961இல் ஓர் இணக்கத்தில் முடிந்தது. புதிய வண்டி வாங்குவோருக்கு 600 மார்க் வரை விலைக்கழிவு; வண்டி வேண்டாதவருக்கு 100 மார்க் வரை பணம். புத்தகம் நிறைய முத்திரை ஒட்டியவருக்குக் கிடைத்தது அவ்வளவே.

அவ்வண்டியின் பிற்கால வாழ்வை யாவரும் அறிவர். குண்டு விழுந்து சிதைந்த தொழிற்சாலையை 1945இல் மேஜர் ஐவன் ஹேர்ஸ்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி மீண்டும் இயக்கினார். அதைத் தமதாக்கிக்கொள்ளும் வாய்ப்புப் பிரித்தானிய மோட்டார் முதலாளிகளுக்குக் கிடைத்தது. இவ்வண்டி விலைபோகாது என்று அவர்கள் கைவிட்டனர். 1955இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. 1972 பெப்ரவரியில் போர்டின் 'மொடல் ரி' எண்ணிக்கையை அது கடந்தது. இறுதி வண்டி மெக்சிகோ நாட்டின் புவெப்லா நகரில் 2003 யூலையில் முடிந்தபோது மொத்தத் தொகை இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நம்மவர் இதனை ஆமை வண்டி என்றும் வண்டு என்றும் அழைத்ததுண்டு.

இனி, முட்டைக் கூடையோடு விட்டுவந்த பூலாஞ்சேயிடம் திரும்புவோம். அவருடைய முதல் மாதிரி வண்டிகளுக்கு ஒரு விளக்கு மட்டுமே இருந்தது. அக்காலப் பிரெஞ்சுச் சட்டம் ஒன்று போதும் என்றது. ஆகவே ஒன்றுக்கு மேல் எதற்கு என்றார். இருக்கைகள் கூரையிலிருந்து ஏணைபோலத் தொங்கின. நெடிய மனிதரான அவர், தொப்பியைக் கழற்றாமலே மாதிரி வண்டிகளுள் ஏறி அமர்ந்து பார்ப்பார். தொப்பி தட்டினால் அந்த அமைப்புத் தள்ளுபடி. 1939இல் 250 அளவிலான வண்டிகள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது போர் வந்தது. ஜேர்மானியர் கையில் அகப்படாதிருக்க அவற்றைப் பெரும்பாலும் அழித்துவிட்டனர். எஞ்சிய சிலவற்றை ஒளித்துவைத்தனர். 1990களில் மூன்று வண்டிகள் ஒரு களஞ்சியத்தின் பரணிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் அவை அங்கே தூங்கியிருந்தன.

1948 ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அவ்வண்டி வெளிப்பட்டது. வரி வகுப்பைக்கொண்டு அதற்கு 'இரண்டு குதிரை' என்று பெயர். எஞ்சினின் அளவு 375 கன சென்ரிமீற்றர். வலு ஒன்பது குதிரை. மழை துடைக்கும் தண்டு வேகமானியின் கம்பியோடு பூட்டப்பட்டிருந்தமையால் வண்டி மெதுவாகச் சென்றால் அதுவும் மெதுவாகவே துடைக்கும். பெற்றோலின் அளவைக் குச்சி விட்டுப் பார்க்கவேண்டும். கூரை சீலை, சுருட்டிவிட்டால் அலுமாரியையும் நிமிர்த்தி ஏற்றலாம். நிறம் சாம்பல் மட்டுமே. பத்தாண்டுக்கு மேல் வேறு நிறம் இல்லை. பத்திரிகைக்காரர் எள்ளி நகையாடினர். தகரம் வெட்டும் கத்தியும் சேர்த்துக் கொடுப்பார்களா என்று ஒருவர் கேட்டதாகச் சொல்வர்.

பத்திரிகைக்காரர் சிரிக்க, கிராமத்தவர் வரிசையில் நின்றனர். ஆலையிற் செய்யக்கூடிய தொகைக்கும் கேட்போர் தொகைக்கும் இடையே வெகுதூரம் இருந்தது. காத்திருக்கும் காலம் மூன்று ஆண்டுகள், பின் ஐந்து ஆண்டுகள் என நீண்டது. யாருக்கு முதலிற் கொடுப்பது என்ற வினா எழுந்தபோது, தொழிலின் பொருட்டு வண்டி இன்றியமையாதவர்களுக்கு முதலிடம் வழங்கப்பட்டது: கிராம வைத்தியர், மருத்துவிச்சி, பாதிரியார், சிறு கமக்காரர். உடனே கைக்குக் கிடைத்தமையால் ஓடிப் பழகிய பழைய வண்டி புதியதைக் காட்டிலும் கூடிய விலைக்குப் போயிற்று. பூலாஞ்சே 1950இல் விபத்தொன்றில் இறந்தார். அவருடைய வண்டி 1990 வரை உற்பத்தியில் இருந்தது. அவ்வகைக் கார்கள் மட்டும் முப்பத்தெட்டு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அழகற்றது என்று சிரித்தவர்களின் பிள்ளைகள் பின்னர் அதை அழகுக்காகவே வாங்கினார்கள் என்பது காலத்தின் வேடிக்கை.

அதே 1948 ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் நமக்கு மிகவும் அறிமுகமான ஒரு வண்டி தோன்றியது. அதுதான் 'மொறிஸ் மைனர்'. அதை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்றைய துருக்கியின் சிமேர்னா துறைமுகத்திற் பிறந்து, 1922இல் அந்நகர் எரிந்த கலவரத்தின்போது அகதியாக வெளியேறியவர். வண்டியைப் பார்த்த நிறுவனத் தலைவர் நஃபீல்ட் பிரபு, உடைத்து ஊற்றி அவித்த முட்டைபோல இருக்கின்றது என்று வெறுத்தாராம். வேலை முடியுந் தறுவாயில் வண்டி ஒடுங்கியதாகத் தோன்றவே, இசிகோனிஸ் மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினால் நன்று எனக் கண்டார். மொறிஸ் மைனரின் மூடியின் நடுவே நீளமாக ஓடும் தட்டையான பட்டையை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அந்த நான்கு அங்குலந்தான் அது.

இவ்வண்டி இலங்கைக்கு வந்து ஒரு குடும்ப உறுப்பினர் போலாகிவிட்டது. ஆசிரியர், எழுதுவினைஞர், அப்போத்திக்கரி எனச் சம்பளக்காரர் பலரும் ஏறிய வண்டி அது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்ததைப் பேணுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. பேணினோம். தேய்ந்ததைக் கடைந்தும், உடைந்ததை ஒட்டியும், இல்லாததைச் செய்தும் நம் தொழில் வினைஞர்கள் அவற்றை ஓட்டிக்காட்டினர். இதன் பயன் பின்னர் விளங்கியது: 1990களில் மொறிஸ் மைனருக்கான உடற்றகடுகள் இலங்கையிற் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன.

வடபகுதியில் இக்கதைக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. 1990இல் தொடங்கிய போர்க்காலத் தடையின்போது யாழ்ப்பாணத்திற் பெற்றோல் மருந்துக்கும் அரிதாயிற்று. அப்போது தெருவில் ஓடியவை பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் அவற்றின் வயதொத்த வண்டிகளுமே. ஓடியது மண்ணெண்ணெயில். இதிலே மந்திரம் எதுவுமில்லை. அக்கால எஞ்சின்கள் எரிவாயுக் கலவையை மிகுதியாக அமுக்குவதில்லை. ஆகவே தரங்குறைந்த எண்ணெயையும் பெரிய தட்டல் இன்றி அவை ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், சில துளி பெற்றோலை ஊற்றி இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவை புகை கக்கிக்கொண்டு நோயாளரையும் கர்ப்பிணிகளையும் மணமக்களையும் சுமந்து சென்றதைக் கண்டவர் இன்றும் பலர் உளர். புதிய நுட்பம் நிறைந்த வண்டி எதனாலும் அக்காரியம் ஆகியிராது. எளிமை என்பது விலைப் பட்டியலில் எழுதப்படாத ஒரு பெறுமதி என்பதை யாழ்ப்பாணத்தார் யாரும் சொல்லாமலே அறிந்துகொண்டார்கள்.

பெற்றோல் இல்லாத நாள்கள் இங்கிலாந்துக்கும் வந்தன. 1956 யூலையில் எகிப்திய அதிபர் நாசர் சுயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். ஆண்டின் இறுதிக்குமுன் போர் மூண்டு கால்வாய் அடைபட்டது. 1956 டிசெம்பர் தொடக்கம் 1957 மே வரை பிரித்தானியாவிற் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தது. சாதாரண வண்டிக்காரருக்குக் கிடைத்தது மாதத்துக்கு ஏறத்தாழ 200 மைல் ஓடுவதற்குப் போதுமான அளவே. 2022இல் நம் நாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று வரிசையில் நின்றவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அந்நெருக்கடியில் ஜேர்மனியிலிருந்து வந்த முட்டை வடிவச் சிறு வண்டிகள் இங்கிலாந்திற் பரவின. அவற்றுள் ஒன்றுக்கு மூக்கில்தான் கதவு. இவற்றைத் தெருவிலிருந்து துரத்தும் ஒழுங்கான சிறு வண்டியொன்று வேண்டும் என்று பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனத் தலைவர் லெனட் லோர்ட் இசிகோனிஸிடம் சொன்னார்.

1959 ஓகஸ்ட் 26ஆம் நாள் 'மினி' வெளிவந்தது. நீளம் பத்தடி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலே எண்ணெய்த் தொட்டிக்குள் அடக்கி, சக்கரத்தைப் பத்து அங்குலமாகக் குறுக்கி, தரைப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை மனிதருக்கும் மூட்டைக்கும் ஒதுக்கினார் இசிகோனிஸ். இன்று உலகில் ஓடும் சிறிய வண்டிகளில் மிகப்பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. அவ்வழியைப் பெருவழியாக்கியது மினிதான். விலை வரியுட்பட 497 பவுணுக்குச் சற்றுக் குறைவு. அந்த விலையில் ஒவ்வொரு வண்டியிலும் முப்பது பவுண் அளவு நட்டம் என்று, ஒன்றை வாங்கிக் கழற்றிப் பார்த்த போர்ட் நிறுவனத்தார் கணித்தார்களாம். வேடிக்கை யாதெனில், யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தொழிலாளி முதலில் அதை நாடவில்லை. நாடியவர்கள் இலண்டன் நாகரிகர்கள். நடிகரும் பாடகரும் பிரபு குடும்பத்தாரும் ஏறியபின், அதில் ஏறுவதற்கு யாருக்கும் கூச்சமில்லாது போயிற்று. 2000ஆம் ஆண்டுவரை ஐம்பத்துமூன்று இலட்சம் மினிகள் செய்யப்பட்டன.

கூச்சம் என்னும் சொல்லைத் தெரிந்தே சொன்னேன். இத்தாலியில் 1957 யூலையில் பியற் நிறுவனத்தின் புதிய '500' வந்தபோது, சிக்கனத்தின் பெயரால் பின்னிருக்கை என்று சொல்லத்தக்க ஒன்றை வைக்கவில்லை. பக்கக் கண்ணாடிகள் இறங்கா. பளபளப்பான ஓரங்கள் இல்லை. ஸ்கூட்டரிற் சென்ற இத்தாலியர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றனர். சில மாதங்களுக்குள்ளே கண்ணாடியை இறக்கும்படி செய்து, சிறிது மினுக்கமும் சேர்த்தபின் வாங்கத் தொடங்கினர். 1975 வரை முப்பது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. ஏழை என்று ஊரறியச் சொல்லும் பொருளை ஏழை வாங்குவதில்லை.

1973இல் எண்ணெய் விலை ஏறியபின் சிறிய வண்டியின் தலைமை யப்பானியர் கைக்கு மாறியது. 360 கன சென்ரிமீற்றர் அளவுக்குட்பட்ட குறுவண்டிகளுக்கு யப்பானிய அரசு 1950களிலேயே சலுகை காட்டி வளர்த்திருந்தது. அந்தப் பள்ளியிற் பயின்ற சுசுக்கி நிறுவனமே பின்னர் இந்திய அரசோடு கூட்டுச் சேர்ந்தது. 1983 டிசெம்பரில் 'மாருதி 800' டில்லியருகே வெளிவந்தது. மூன்று உருளைகள், 796 கன சென்ரிமீற்றர், விலை 50,000 இந்திய ரூபா அளவில். அதுவரை இந்தியர் பழைய மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசடருக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். மாருதியின் உற்பத்தி 2014 வரை நடந்தது. இலங்கைத் தெருக்களிலும் மொறிஸ் மைனர் விட்ட இடத்தைப் பெரிதும் நிரப்பியது அதுவே.

இறுதியாக நானோ. மழையில் ஒரே ஸ்கூட்டரிற் கணவன், மனைவி, பிள்ளைகள் என ஒரு குடும்பமே செல்வதைக் கண்டு, இவர்களுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று எண்ணியதாக ரத்தன் டாட்டா கூறினார். காலை ஏழரை மணிக்குப் பாடசாலை வாயிலில் நிற்கும் எனக்கு அக்காட்சி புதிதன்று. மோட்டார் சைக்கிளின் தாங்கியில் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, அதன் பின்னால் தாய். ஒவ்வொரு நாளும் அவர்கள் இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றேன். டாட்டாவின் நோக்கம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நூறாண்டுக்கு அணித்தாக முன்னர் ஒஸ்ரின் தேடிய அதே குடும்பத்தைத்தான் அவரும் தேடினார்.

வண்டியின் விலை ஓர் இலட்சம் இந்திய ரூபா என்று வாக்களிக்கப்பட்டது. 2008 ஜனவரியில் டில்லிக் கண்காட்சியில் அது தோன்றியபோது உலகமே வியந்தது. 624 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பின்புறத்தில். மழை துடைக்கும் தண்டு ஒன்று. சக்கரத்துக்கு மூன்று ஆணி. அடிப்படை வண்டியிற் பின்பக்கத்தைத் திறக்க வெளிக்கதவு இல்லை. மேற்கு வங்காளத்துச் சிங்கூரில் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்ததை எதிர்த்துக் கமக்காரர் போராட்டம் எழவே, 2008 ஒக்டோபரில் ஆலை குஜராத்துக்குப் பெயர்ந்தது. 2009இல் விற்பனை தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் வண்டி செய்யும் ஆலை அதனை ஒருபோதும் எட்டவில்லை. சில வண்டிகள் தீப்பற்றிய செய்தியும் கெடுதல் செய்தது. 2018 யூன் மாதம் முழுவதும் செய்யப்பட்டது ஒரே ஒரு நானோ.

போர்டையும் பியற்றையும் நினைவுகூருங்கள். 'உலகிலே மிக மலிவான கார்' என்று பத்திரிகைகள் எழுத எழுத, ஸ்கூட்டர்க் குடும்பம் பின்வாங்கியது. அக்குடும்பம் கார் வாங்க நினைத்தது அயலாரின் கண்ணில் ஒரு படி உயர்வதற்காகவும்தான்; மிக மலிவானதை வாங்கினால் அந்தப் படி எங்கே? அவ்வாறு விளம்பரப்படுத்தியது தவறு என்று டாட்டாவே பின்னர் கூறினார். பழைய மாருதியொன்றை அதே பணத்துக்கு வாங்கிவிட்டுப் பலர் நிம்மதியடைந்தனர்.

இலங்கைக்கும் நானோ வந்தது. குடும்ப வண்டியாக அன்றி, கொழும்பு நகரின் வாடகை வண்டியாகவே அதனைப் பலரும் அறிவர். முச்சக்கர வண்டியிற் புகையும் மழையும் பட்டுச் செல்வதைவிட, ஏறத்தாழ அதே கூலிக்குக் கதவடைத்துக்கொண்டு செல்லலாம் என்பதால் மக்கள் அதை அழைத்தனர். ஆஸ்பத்திரி வாசலிலும் புகையிரத நிலைய வாசலிலும் அதில் ஏறி இறங்கியவர் எவரும் அது உலகில் மிக மலிவான வண்டி என்பதற்காக நாணியதில்லை. மீற்றர் எவ்வளவு காட்டுகின்றது என்பதையே குனிந்து பார்த்தனர்.